நுளம்பு வலைக்குள் ஒரு ஜப்பான் கீரை

சித்தி வீட்டில் நான் தங்கியிருந்தபோது, என் கட்டிலுக்கு மேலே தொங்கிய நுளம்பு வலையை ஒரு காலையில் அவர் அவிழ்த்துக்கொண்டு போனார். போய்ப் பார்த்தால், கிணற்றடியில் நாலு தடி நட்டு வலையைக் கட்டி, பூச்சியும் கோழியும் அண்டாமல் ஜப்பான் கீரைக்குக் காவல் போட்டிருந்தார். கொமட்சுனா என்று அதற்குப் பெயர். அந்த மாரிகாலம் முழுக்க நுளம்பு என்னைத்தான் தின்றது.

ஜப்பானில் வேலை செய்யும் அண்ணை, சித்தியின் ஒரே மகன், அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டி, தைப்பொங்கலுக்கு முதன்முறையாகச் சாவகச்சேரிக்குக் கூட்டிவர இருந்தார். அவளுக்குப் பழகிய கீரை என்று விதை அனுப்பியதும் அவர்தான். சித்திக்கு மருமகளின் பாஷையும் தெரியாது, பழக்கமும் தெரியாது. தான் சமைத்ததில் ஒரு வாய்கூட உண்ணாமல் அவள் எழும்பிவிடுவாளோ என்பதே அவருடைய பயம். "பிள்ளை சாப்பாட்டைத் தள்ளி வைச்சா நான் எந்த முகத்தோடை கதைக்கிறது?" என்று தினமும் கேட்பார்.

சமைக்கும் முறையை அண்ணை தொலைபேசியில் பத்துத் தரம் சொல்லியிருந்தார். கொதிநீரில் ஒரு நிமிடம், பிழிந்தெடுத்து மேலே கொஞ்சம் சோயா சோஸ், அவ்வளவுதான். அவர்கள் வந்த அன்று சித்தியும் அப்படியே செய்தார். செய்துவிட்டு ஒரு துண்டை வாயில் வைத்துப் பார்த்தார்.

"உது ஆட்டுக்குப் போடுறது" என்றார்.

அடுத்த கணம் தாச்சி அடுப்பில் ஏறியது. சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், மஞ்சள், ஒரு முழுத் தேங்காயின் துருவிய பூ. கீரை கறுத்துச் சுருண்டு, அசல் யாழ்ப்பாணத்து வறையாக இறங்கியது. நான் தடுக்கவில்லை, எனக்கும் பசி.

மருமகள் முதல் வாயை மெதுவாக மென்றாள். சித்தி அகப்பையைப் பிடித்தபடி அவள் வாயையே பார்த்து நின்றார். அவள் இன்னும் கொஞ்சம் கேட்டாள். மூன்றாம் தரமும் வாங்கிக்கொண்டு அண்ணையிடம் ஏதோ சொன்னாள்.

"அம்மா, இது என்ன இலையெண்டு கேக்கிறா. தங்கடை நாட்டிலை இப்பிடி ஒண்டு கண்டதில்லையாம்."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் ரசத்தைப் பார்த்தேன். சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கடை ஊர்க் கீரை எண்டு சொல்லு, மோனை."

இப்போது சித்தி அதை உண்மையென்றே நம்புகிறார். போன கிழமை அயல்வீட்டு மாமி விதை கேட்டு வந்தபோது, இது ஜப்பானிலிருந்து வந்த கீரை என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். சித்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஜப்பான்காரியே தெரியாதெண்டு சொன்னவள். உனக்கென்ன தெரியும்?"