ராஜாவின் கன்னத்தில் ஒரு கறை

"கொஞ்சம் புளி குடுங்க அத்தை. ரெண்டு தேய் தேய்ச்சா பளிச்சுனு ஆயிடும்" என்றார் என் மருமகன். அவர் கையில் இருந்தது கம்பெனி காலத்து வெள்ளி ரூபாய், வில்லியம் ராஜா தலை போட்டது. ராஜாவின் கன்னத்தை மூடிக்கொண்டு ஒரு கறுப்புக் கறை. கறைக்குக் குறுக்கே நூல் போல ஒரு வெள்ளைக் கோடு. நான் பிடுங்கிய வேகத்தில் பாவம், அவர் பயந்தே போய்விட்டார். மிஷன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டிய குரல் இன்னும் என் தொண்டையில்தான் இருக்கிறது போலும். நல்ல மனிதர் அவர். பித்தளைச் சொம்பானாலும் சரி, பழைய காசானாலும் சரி, கறை என்றால் தேய்க்க வேண்டியது என்று நினைப்பவர்.

என் வீட்டுக்காரர் ஆம்பூரில் ஒரு தோல் பதனிடுகிற ஷாப்பில் தரம் பிரிக்கிற மேஸ்திரி. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்தி, எண்ணெய் தடவி உலர்த்திய தோல்கள் அவர் முன்னால் வந்து விழும். ஒவ்வொன்றையும் புரட்டி, கட்டை விரலால் முதுகிலிருந்து வயிறு வரை ஒரு தடவு தடவி, முதல், ரெண்டாவது, மூணாவது, ரிஜெக்ஷன் என்று நாலு அடுக்காகப் போடுவார். அவர் போட்ட அடுக்கை நம்பித்தான் மெட்ராஸில் கப்பலேற்றுவார்கள். "கண்ணு பொய் சொல்லும், கட்டை விரல் சொல்லாது" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. அந்த வலது கட்டை விரலில் குறுக்காக ஒரு தழும்பு. சின்ன வயதில் தோல் சீவும் கத்தி இறங்கிய இடம். அந்த விரலைப் பற்றி அவருக்கு இருந்த கர்வம் இருக்கிறதே, அப்பப்பா! கல்யாணத்தன்று மோதிரம் போடும்போதுகூட அந்தக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு மற்றக் கையை நீட்டினார்.

ஷாப்பு முதலாளி சாயபுவுக்குப் பழைய காசுப் பைத்தியம். சந்தையில், கோயில் தெருச் செட்டிகளிடம், ஊர் திரும்புகிற துரைமார்களிடம் என்று எங்கே கிடைத்தாலும் வாங்குவார். அந்தப் பைத்தியம் என் வீட்டுக்காரருக்கும் ஒட்டிக்கொண்டது. சாயபுவுக்கு வெள்ளி, இவருக்குச் செம்பு. கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு சிங்கம் நிற்கிற சின்னச் சின்னக் கம்பெனி காசுகளை அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பொறுக்கி வருவார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் சாயபு இவரைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். முதலாளி, மேஸ்திரி என்ற வித்தியாசம் அந்த ஒரு மணி நேரத்துக்குக் கிடையாது. ராஜாவின் காதுக்கு மேலே முடி இழை இழையாகத் தெரிந்தால் முதல். முடி மழுங்கி, கன்னம் மட்டும் நின்றால் ரெண்டாவது. எழுத்து மட்டும் மிச்சம் என்றால் மூணாவது. தோலுக்குப் போட்ட தரத்தையே காசுக்கும் போட்டார்கள்.

மெட்ராஸ் காசு வியாபாரி ஒருவர் வந்திருந்தபோது ஒரு கட்டளை போட்டுவிட்டுப் போனார். காசை ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும், முகத்தில் விரல் படவே கூடாது. பட்ட அன்று ஒன்றும் தெரியாது, நாளாக நாளாகக் கறுக்கும், அப்புறம் அந்தக் காசு மூணாவதுக்கும் லாயக்கில்லை. இவர் பயபக்தியோடு தலையாட்டினார். ஆனால் தடவாமல் தரம் சொல்வது எப்படி? சோற்றைத் தொடாமல் சாப்பிடு என்பது போலத்தான் அவருக்கு இருந்திருக்கும்.

அந்த வருஷம் கோடையில் சாயபு இந்த வில்லியம் ரூபாயை வாங்கினார். பால் போல வெள்ளை. இவர் அதன்மேல் உயிரையே வைத்துவிட்டார். ஒரு ராத்திரி வீட்டில் வைத்துப் பார்க்கிறேன் என்று கெஞ்சி வாங்கி வந்து, மறுநாள் "முதல்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். சாயபு அதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். மழைக்காலம் முடிந்து வியாபாரி மறுபடி வந்தபோது பெட்டியைத் திறந்தால், மற்றக் காசெல்லாம் வெள்ளையாகவே இருக்க, இது ஒன்று மட்டும் கறுத்துக் கிடந்தது. "இதையா முதல்னு சொன்னீங்க?" என்று வியாபாரி சிரித்திருக்கிறார். "மேஸ்திரி, விரல் வச்சியா?" என்று சாயபு கேட்டிருக்கிறார். "நான் ஓரத்துலதான் புடிச்சேன்" என்று இவர் சத்தியம் செய்திருக்கிறார். அந்தச் சத்தியம்தான் அவர் கழுத்துக்குச் சுருக்காயிற்று. விரல் வைக்கவில்லை என்றால் இது வேறு காசு. வேறு காசு என்றால் மாற்றியது யார்? வீட்டுக்கு எடுத்துப் போனவர்தானே! "இந்தக் கறுப்புக் காசை நீயே வச்சுக்க. என் காசு திங்கக்கிழமை வரணும். வரலேன்னா ஸ்டேஷன்ல சொல்லிடுவேன்" என்று சாயபு எழுந்து போய்விட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் இவர் இதை என்னிடம் சொன்னார். வேலை போவது ஒரு பக்கம். வாணியம்பாடி முதல் வேலூர் வரை எந்த ஷாப்பில் ஏறினாலும் "அந்தத் திருட்டு மேஸ்திரியா?" என்றல்லவா கேட்பார்கள்! நான் எந்த முகத்தோடு வகுப்பில் நிற்பேன்? ஞாயிறு ஆராதனையில் எல்லோரும் பாட, என் வாய் திறக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து கிணற்றடி வெயிலில் அந்தக் காசைச் சாய்த்துப் பார்த்தேன். கறையில் மெல்லிய வரி வரியாகச் சுழி. குறுக்கே வெள்ளைக் கோடு. தினமும் சாப்பாட்டுத் தட்டில் பார்க்கிற தழும்பு எனக்குத் தெரியாதா?

"இது உங்க விரல்தானே?" என்றேன்.

"பேசாம இருமே" என்றார்.

"இன்னா பேசாம இருக்கிறது? இதைக் காட்டினா திருடன் இல்லேன்னு ஆயிடுமே!"

அவர் தலை நிமிராமலே அழுதார். "திருடன்னா அது பொய்யி, தாங்கிக்குவேன். இது நெசமாச்சே. தொட்டுக் கெடுத்த கைன்னு தெரிஞ்சா யாரு தோலைக் குடுப்பான்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் அழுவதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் திங்கட்கிழமை காலையில் அவருக்கு முன்னால் நான் போய் ஷாப்பில் நின்றேன். பட்டை நாற்றத்துக்கு மூக்கை மூடக்கூடத் தோன்றவில்லை. கூலிக்காரர்கள் வேலையை விட்டுப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்து அம்மா ஷாப்புக்குள் வந்து யார் பார்த்திருக்கிறார்கள்? இவர் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார்.

காசைச் சாயபுவின் மேஜைமேல் வைத்தேன். "ஐயா, இவர் கட்டை விரலை இதுக்குப் பக்கத்துல வச்சுப் பாருங்க" என்றேன். சாயபு பூதக்கண்ணாடியை எடுத்தார். "மேஸ்திரி, கையைக் காட்டு."

இவர் விரலை மடக்கி முஷ்டியாக வைத்துக்கொண்டு நின்றார். சாயபுவின் முகம் சிவக்கத் தொடங்கியது. நான் போய் அந்த முஷ்டியைப் பிடித்தேன். "ஓரத்துல புடிச்சேன்னு சொன்னது பொய்யின்னு ஒத்துக்கிட்டா உங்க மானம் போயிடுமா? என் மானம் போகுதே!" என்றேன். அத்தனை பேர் முன்னால் புருஷன் கையைப் பிடித்தவள் அந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கொஞ்சம் கொஞ்சமாக விரல் பிரிந்தது.

சாயபு வெகுநேரம் பார்த்தார். காசை, விரலை, மறுபடி காசை. கண்ணாடியைக் கீழே வைத்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "யா அல்லா, உன்னையா திருடன்னு சொன்னேன்!" என்றார். பிறகு கொஞ்சம் சிரித்து, "ஆனா மேஸ்திரி, காசு ரிஜெக்ஷன். இனிமே இது ராஜா காசு இல்ல, உன் காசு. எடுத்துட்டுப் போ" என்றார்.

வேலை போகவில்லை. தோலை நம்பிக் கொடுக்கவும் யாரும் தயங்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் சாயபு கூப்பிட்டாலும் இவர் போகவில்லை. செம்புக் காசுகளையெல்லாம் அவரிடமே கொடுத்துவிட்டார். என்னிடம் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் சோறு போடும்போது நானே, "உங்க விரல் பொய் சொல்லலையே, நீங்கதானே பொய் சொன்னீங்க" என்றேன். சோறு புரையேறும் அளவுக்குச் சிரித்தார். அதற்குப் பின் எல்லாம் சரியாகிவிட்டது.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். போட்டோ எடுக்கக் கூப்பிட்டபோதெல்லாம் "அப்புறம் பார்க்கலாம்" என்றே சொல்லிவந்த மனிதர், ஒரு படம்கூட விட்டுப்போகவில்லை. என் மருமகன் அவரைப் பார்த்ததே கிடையாது. மருமகனை உட்கார வைத்து, ரூபாயை ஓரத்தில் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினேன். "இந்தக் கோடு தெரியுதுங்களா? இவருதான் உங்க மாமனார்."

மருமகன் வாங்கிப் பார்க்கக் கை நீட்டினார். அவரும் ஓரத்தில்தான் பிடித்தார்.