சரோஜா அக்காவை நிறுத்திய விளக்கு

செவ்வாய்க்கிழமை காலை மர்பி டவுனிலிருந்து சரோஜா அக்காவின் மகள் போன் செய்தாள். "அம்மா போயிட்டாங்க மேடம். தூக்கத்துலயே." எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ஏனென்று அவருடன் வேலை பார்த்த உங்களுக்காவது சொல்லியாக வேண்டும்.

நம் பழைய வானொலி நிலையத்தில் நான் அறிவிப்பாளர். அவர் ஒலிபரப்புக் கூடத்தின் கதவுக் காவல். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தால் உள்ளே ஒலிபரப்பு நடக்கிறது என்று பொருள். அணையும்வரை ஈ காக்கை நுழையக் கூடாது. ஒருநாள் இயக்குநரே அவசரமாக வந்து கதவில் கை வைத்தார். அக்கா குறுக்கே நின்றுவிட்டார். "ஸ்வல்ப நில்லி, கொஞ்சம் நில்லுங்க சார். நீங்க டைரக்டர்னு லைட்டுக்குத் தெரியாது." இதை அந்த இயக்குநரே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். அவர் மனிதர்.

அந்தக் கட்டடம் சென்ற மாதம் கலாச்சார மையமானது. திறப்பு விழாவில், அதே கூடத்தில், பழைய ஊழியர்களுக்குச் சால்வை. "இத்தனை வருஷம் வெளியவே நின்னுட்டேன் மேடம். இப்பத்தான் உள்ள சேர் போட்டு உக்கார வைக்கிறாங்க" என்று அக்கா புதுப் புடவை எடுத்தார்.

விழாவில் அவர் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்கள். ஆள் இல்லை. அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். முன்வரிசையில் இருந்த நானும் அக்கா வரவில்லை போலும் என்று நினைத்துக் கை தட்டிக்கொண்டிருந்தேன். முடிந்து வெளியே வந்தால், மூடிய கதவருகே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் புதுப் புடவையில் நிற்கிறார். பஸ் நெரிசலில் சற்றுத் தாமதமாம். அந்தக் கதவைச் சாத்தினால் உள்ளே பேசுவது வெளியே கேட்காது.

"லைட் எரியுதே மேடம். எப்படி உள்ள வர்றது?"

விளக்கு அழகுக்காம். நாள் முழுக்க எரியுமாம். பளபளவென்று கல் பதித்து, காபிக் கடை வைத்து, பழைய மைக்கைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டியவர்களுக்கு, அந்த விளக்கு எதற்கு என்று கேட்க ஓர் ஆள் கிடைக்கவில்லையா? ஒரு மணி நேரம் நின்ற வயதான பெண்ணிடம் "என்னம்மா வேணும்?" என்று கேட்க ஒரு வாய் இல்லையா? சால்வையை வாசலிலேயே பார்சல் மாதிரி கையில் கொடுத்தார்கள். அக்கா கோபப்படவில்லை. "தப்பு என்மேலதான், முன்னாடியே வந்திருக்கணும்" என்றார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அக்காவின் காரியம் முடிந்த மறுநாள் போய், விளக்கை அணைக்கும்படி மேலாளரிடம் சொன்னேன். "போட்டோ எடுக்க வர்றவங்களுக்கு அதுதான் மேடம் பிடிக்குது" என்றார்.

சரி. அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அவருடைய பிடிவாதம் ஒன்றைத்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை அங்கே கச்சேரி. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் கதவுக்குக் குறுக்கே நிற்கப் போகிறேன். விளக்கு எரிகிறவரை ஒருவரையும் உள்ளே விடமாட்டேன். மந்திரியே வரட்டும், அவர் மந்திரி என்று விளக்குக்குத் தெரியாது.