சிவப்பு பட்டன்

பெரிய காஞ்சிபுரத்தில் பரசுராமன் வைத்திருந்த வாடகை வண்டிகளுக்கு ஐந்து டிரைவர்கள். நான்கு பேரை வண்டி ஓட்டுவதற்காகக் கூப்பிடுவார்கள். தாவீதை மட்டும் பிள்ளைகளுக்காகக் கூப்பிடுவார்கள். "வாலுங்க ரெண்டு வருதுப்பா, அந்த தாவீதையே அனுப்பிடு" என்று முன்கூட்டியே சொல்லிவைக்கிற வீடுகள் ஏழெட்டு உண்டு.

அவன் ஒன்றும் பிள்ளைகளைக் கொஞ்சுகிற ஆள் இல்லை. கதை சொல்லத் தெரியாது, முகத்தை அஷ்டகோணலாக்கிச் சிரிக்கவைக்கவும் வராது. அவனிடம் இருந்ததெல்லாம் ஒரு பழைய கறுப்பு வெள்ளை செல்போன், அதற்குள் ஒரு பாம்பு விளையாட்டு. பாம்பு புள்ளியைத் தின்னும், நீளும், தன் வாலையே முட்டிக்கொண்டால் சாகும். அவ்வளவுதான் சமாச்சாரம். ஆனால் அதைக் கையில் கொடுத்துவிட்டால் எப்பேர்ப்பட்ட அழுமூஞ்சியும் ஊர் எல்லை தாண்டுவதற்குள் வாயை மூடிக்கொள்ளும். 2005இல் அது போதும். பெற்றவர்கள் பின்சீட்டில் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

ஒரே தொல்லை, நடுவில் வரும் போன்கள். ஆட்டம் நின்றதும் பிள்ளை வீறிடும். அதற்கும் தாவீது வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். போனைக் கொடுக்கும்போதே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாடம் எடுப்பான். "கால் வந்தா பயந்துக்காத. இந்த செவப்பு பட்டனை ஒரு அமுக்கு அமுக்கு. பாம்பு சாவாது, அப்படியே நிக்கும்." முதலாளிதான் கூப்பிடுவார், ஊர் போய்ச் சேர்ந்ததும் பேசிக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு.

வீட்டுக் கணக்கு வேறு. அவன் மனைவி லில்லிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போயின. மூன்றாவது எட்டு மாதத்தைத் தாண்டியிருந்தது. "வலின்னு தெரிஞ்சா ஒரு நிமிஷம் வீட்ல வச்சிக்கினு இருக்கக் கூடாது" என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். வீடோ திருப்பருத்திக்குன்றத்தையும் தாண்டி, பஸ் நினைத்தால் வருகிற ஒரு புது மனையில். தெருமுனையில் நீலாம்பாள் மளிகைக் கடை. அங்கே ஒரு ரூபாய் போட்டுப் பேசுகிற போன்.

அந்தக் காலத்தில் ஊரே பேசாமல் பேசிக்கொண்டது. போன் அடித்து, எதிர்ப்பக்கம் கட் செய்தால் சேதி கிடைத்துவிட்டது என்று பொருள். போட்ட காசும் திரும்பி விழும். தறிக்காரர் கடைக்காரருக்குச் சேலை முடிந்தது என்று சொன்னதும் அப்படித்தான், புருஷன் பெண்டாட்டி சொல்லிக்கொண்டதும் அப்படித்தான். தாவீதும் லில்லியிடம் அதையே சொல்லிவைத்தான்.

"வலி எடுத்தா நீலாம்பா அக்கா கடையில போய் அடி. நான் கட் பண்ணா தெரிஞ்சிக்கினேன்னு அர்த்தம். அடுத்த நிமிஷமே நம்ம வீராசாமிக்குச் சொல்லி ஆட்டோவை அனுப்பிடறேன். நீ கடையிலயே குந்தினு இரு."

ஒரே பட்டனுக்கு வீட்டில் ஒரு வேலை, வண்டியில் வேறு வேலை கொடுத்துவைத்திருக்கிறோம் என்பது அந்த மனுஷனுக்கு உறைக்கவே இல்லை. இத்தனைக்கும் அவன் முட்டாள் இல்லை. வண்டியில் ஏறினால் டிரைவர், இறங்கினால் புருஷன் என்று தன்னையே இரண்டாகப் பிரித்துவைத்திருந்தான். நம்மில் பாதிப் பேர் அப்படித்தானே இருக்கிறோம்.

ஆவணி மாதத்து ஒரு வியாழக்கிழமை சின்ன காஞ்சிபுரத்திலிருந்து சோளிங்கர் மலைக்கோயிலுக்கு ஒரு வாடகை. நாமகிரி என்கிற அம்மாள், அவள் கணவர், மாமனார் பாச்சா, ஐந்து வயதுப் பையன் வைபவ். காலை எட்டரைக்குக் கிளம்பினார்கள். கால் மணி நேரத்தில் வைபவ் ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டு, இறக்கிவிடு என்று அழ ஆரம்பித்தான்.

"தாவீது, உங்க போனைக் கொஞ்சம் தாங்கோளேன். இவன் அழுதா எனக்கும் தலை சுத்தறது" என்றாள் நாமகிரி.

தாவீது ஒரு கணம் யோசிக்கத்தான் செய்தான். லில்லிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. போன் எங்கே போய்விடப் போகிறது, பின்னால்தானே இருக்கும், மணி அடித்தால் காதில் விழாதா. கொடுத்தான். சிவப்பு பட்டன் பாடத்தையும் மறக்காமல் சொன்னான்.

பாம்பு ஒவ்வொரு புள்ளியைத் தின்னும்போதும் போன் 'கீ' என்று கத்தியது. முன்சீட்டில் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்த பாச்சாவுக்கு அது பொறுக்கவில்லை. "ஏம்ப்பா, இந்தச் சனியன் கத்தாம இருக்காதா?" என்றார். பெரியவர் கேட்கிறாரே என்று தாவீது வண்டியை ஓரங்கட்டி, போனைத் திரும்ப வாங்கி, சத்தத்தை முழுக்க அடக்கிக் கொடுத்தான். ஆம், அவனேதான் அடக்கினான்.

ஓச்சேரி தாண்டி ஒருமுறை, காவேரிப்பாக்கத்துக்குப் பிறகு ஒருமுறை தாவீது கண்ணாடியில் பார்த்தான். இரண்டு தடவையும் வைபவ் தலை குனிந்து சமர்த்தாக விளையாடிக்கொண்டிருந்தான். நல்ல பிள்ளை என்று தாவீதுக்குத் தோன்றியது. நமக்கும் இப்படி ஒன்று பிறந்தால் இதே போனைக் கொடுக்கலாம் என்றுகூட நினைத்துக்கொண்டான்.

பத்தரைக்கு மலையடிவாரம். பையன் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்பாவின் தோளில் ஏறிக்கொண்டான். திரையில் மிஸ்டு கால் என்று ஒன்றும் இல்லை. தாவீது சத்தத்தைத் திரும்ப வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். பாதி டீயில் மணி அடித்தது. நீலாம்பாள்.

"இன்னாப்பா நீ, ஆட்டோ எங்கப்பா? வலி எடுத்து ஒன்ற மணி நேரமா கடையில குந்தினு கீது பொண்ணு. போற வர்ற வண்டிய நான் நிறுத்தறேன்றேன், வேணாங்குது. ரெண்டு தபா கட் பண்ட்டாராம், ஆட்டோ வருமாம். துணியெல்லாம் ஈரமாயிடுச்சிப்பா."

டீ கிளாஸைக் கீழே வைத்தானா போட்டானா என்று அவனுக்கு நினைவில்லை. வீராசாமிக்கு அடித்தான். வீராசாமி வாலாஜாபாத் சவாரியில் இருந்தான். தெரிந்த இன்னொருவனைப் பிடித்து அனுப்பி, ஆட்டோ கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று நாற்பது. நீலாம்பாள் அதற்கு முன்பே ஒரு அரிசி வண்டியை மறித்து, மூட்டைகளுக்கு நடுவே லில்லியைப் படுக்கவைத்துக் கொண்டுபோயிருந்தாள்.

முதலாளிக்குப் போன் செய்தான். "பார்ட்டி மலை மேல கீறாங்க. நடுவழியில உட்டுட்டா வருவே? இறங்கினதும் கூட்டினு வா" என்றார் பரசுராமன். தாவீது இருந்தான். வண்டியை எடுத்துக்கொண்டு பறந்திருக்கலாம். சாவி அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. வேலை போய்விடுமே என்று பயந்து, ஆயிரத்துச் சொச்சம் படிகளையும் அண்ணாந்து பார்த்தபடி, இரண்டு மணி வரை அங்கேயே நின்றான்.

இறங்கி வந்ததும் வைபவ் ஓடிவந்து கையை நீட்டினான். "டிரைவர் மாமா, போன் குடுங்கோ. ரெண்டு வாட்டி கால் வந்துது. நீங்க சொன்னாப்பல செவப்பை அமுக்கிட்டேன். பாம்பு சாகவே இல்லை."

பையன் சொன்னபடிதான் செய்திருக்கிறான். தாவீது போனை அவனிடமே கொடுத்தான். அழுதுகொண்டே வண்டி ஓட்டியதை அன்று யாரும் கவனிக்கவில்லை, பையன் பாம்பிலேயே கண்ணாக இருந்தான், பெரியவர்கள் எல்லோரும் அசந்து தூங்கினார்கள்.

பெண் குழந்தை. அவன் போவதற்குள் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். அரை மணி முன்னால் வந்திருந்தால் என்று ஒரு நர்ஸ் ஆரம்பித்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். லில்லியின் உயிரைக் காப்பாற்ற கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. இனி ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் அவளிடம் நடந்ததைச் சொன்னான். நான் கட் பண்ணலம்மா, வண்டியில வந்த கொழந்த தெரியாம பண்ணிடுச்சி என்றான். லில்லி சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"அந்தக் கொழந்தைக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?" என்றாள்.

அதற்குமேல் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சண்டையும் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

தாவீது இன்னும் பரசுராமனிடம்தான் ஓட்டுகிறான். நான்கு வருஷத்தில் போன்கள் மாறிவிட்டன. இப்போது அவனிடம் கலர் போன், அதில் கார் பந்தயம், மீன், பழம் என்று பத்துப் பன்னிரண்டு விளையாட்டுகள். கடையில் கொடுத்து ஏற்றித் தந்ததே முதலாளிதான். வாடகைக்காரர்கள் இன்றும் பிள்ளைகளுக்காக அவனைக் கேட்கிறார்கள். அவனும் கொடுக்கிறான். கால் வந்தால் வண்டியை நிறுத்தித் தன் கையில் வாங்கிப் பார்க்கிறான். அந்தப் பத்து நொடிக்குப் பிள்ளைகள் அழுகின்றன, அழட்டும் என்று விடுகிறான். அழைப்பது ஒருநாளும் வீடாக இருந்ததில்லை.

லில்லிக்கும் ஒரு போன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அவள் அதிலிருந்து ஒருமுறைகூட அவனுக்கு அடித்ததில்லை. காய்ச்சல் கண்ட அன்றும் தனியாக நடந்து போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். வெளியூரில் வண்டி நிற்கும்போது அவன்தான் கூப்பிடுவான், சாப்பிட்டாயா என்று கேட்க. இரண்டு முறை மணி அடிக்கும். மூன்றாவது மணிக்குள் அவள் கட் செய்துவிடுவாள்.

சேதி கிடைத்தது என்று அர்த்தமா, வேறெதுவுமா என்று அவன் இதுவரை கேட்கவில்லை. வீட்டுக்குப் போனால் சோறு எடுத்து வைத்திருப்பாள்.