பேரணாம்பட்டில் பிறந்த ஆம்பூர்க்காரர்

பிரியாணிக்குத் தம் போட்டு, மூடிமேல் கரி நெருப்பைப் பரப்பிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. என் தம்பி சேகர் வாசலில் நின்றபடியே சொன்னான்.

"அக்கா, பாய் போய்ட்டாரு."

"எங்க? ஊருக்கா?"

"போய்ட்டாருக்கா. ஆஸ்பத்திரில. காலைல."

கரண்டியைக் கீழே வைத்தேன். அழுகை வரவில்லை. வாயில் வந்தது இதுதான்: "எனக்குப் பதில் சொல்லாம எப்படிடா போவாரு?"

திருப்பூரில் பிழைக்க வந்த நம்ம பக்கத்து ஜனங்களே, எதிர்க்கடை அமானுல்லா பாயைப் பற்றி நினைவு மலரில் நல்லதாக நாலு வார்த்தை எழுது சரோஜா என்று என்னைக் கேட்டீர்கள். இத்தனை வருஷம் எதிரும் புதிருமாகக் கடை போட்டவள் நான்தான் என்று காரணமும் சொன்னீர்கள். உயிரோடு இருந்தவரை அந்த மனுஷன் என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது என் முறை. எழுந்து வந்து மறுத்துப் பேச அவரால் முடியாது. இந்த வாய்ப்பை நான் விடுவதாக இல்லை.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தவள் நான். கம்பெனியை மூடிவிட்டார்கள். தம்பியைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்து, பனியன் கம்பெனிகள் இருக்கும் தெருவில் சின்னதாக ஒரு கடை பிடித்து, 'ஆம்பூர் பிரியாணி' என்று போர்டு மாட்டினேன். எதிரே ஏற்கெனவே ஒரு ஆம்பூர் பிரியாணிக் கடை இருப்பது தெரிந்துதான் மாட்டினேன். ஊர் பேரை யாரும் பட்டா போட்டு வாங்கவில்லையே.

முதல் நாளே பாய் தெருவைத் தாண்டி வந்தார். வெள்ளை லுங்கி, தோளில் துண்டு. போர்டை அண்ணாந்து பார்த்தார். உள்ளே வந்து உட்கார்ந்து ஒரு பிளேட் வாங்கினார். சோற்றைத் தொடவில்லை, முதலில் கத்தரிக்காய்த் தொக்கை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நம்ம ஊர் ஆள் யாராக இருந்தாலும் கண்ணும் கையும் முதலில் அங்கேதான் போகும். வெங்காயத் தயிர் மட்டும் வைத்துவிட்டு ஆம்பூர் என்று சொல்கிற கடையில் நாம் கை கழுவிவிட்டு எழுந்து வந்துவிடுவோம். பாய் முழுசாகச் சாப்பிட்டார். காசைக் கொடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"எந்த ஊரும்மா?"

"ஆம்பூரு பாய்."

"ஆம்பூர்ல எங்க?"

"மின்னூரு."

அவர் முகத்தில் வந்த சிரிப்பை இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியாது. கடையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "பிரியாணி நல்லா கீது. போர்டு தான் பொய் சொல்லுது."

அன்றோடு என் பெயர் போயிற்று. அவர் வாயில் நான் 'மின்னூரு' ஆனேன். மின்னூர் இருப்பது வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் நடுவில்; அங்கே பஸ்ஸில் ஏறி டிக்கெட் வாங்குவதற்குள் ஆம்பூர் வந்துவிடும். அந்தத் தூரத்தை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் என்னை இத்தனை வருஷம் ஆட்டி வைத்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆட்கள் வந்து, "ரெண்டு கடையும் ஒரே ஊருங்களா?" என்று கேட்டால் போதும். "அய்ய, அது மின்னூருங்க. ஆம்பூருக்கு வெளிய." பாவம், அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஏதோ கலப்படம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவர் கடைக்கே போவார்கள். எனக்கு வயிறு எரியும்.

ஒரு மழைக்காலம். கத்தரிக்காய் எங்கள் இரண்டு பேருக்கும் ஊரிலிருந்துதான் வரும், ஜோலார்பேட்டையில் ரயில் ஏற்றி விடுவார்கள். காம்பில் முள் இருக்கிற அந்தக் காய் இங்கே கிடைப்பதில்லை. அன்றைக்கு அவர் மூட்டை வந்தது, என் மூட்டை வரவில்லை. இங்கே மார்க்கெட்டில் கிடைத்த நீளக் காயை வாங்கி நறுக்க உட்கார்ந்தேன். பாய் வந்து நின்றார், கையில் பாதி மூட்டை.

"எடு."

"வேணாம் பாய். நான் சமாளிச்சுக்குவேன்."

"உன்னைய யாரு கேட்டா? ஜனம் இன்னிக்கு உன் கடைல தின்னுட்டு, இன்னாடா இது ஆம்பூரு கத்தரிக்கான்னு காறித் துப்புவான். பேரு போறது எனக்கு. எடு மின்னூரு."

வாங்கிக்கொண்டேன். வாங்கிவிட்டு, பழி தீர்க்கிற மாதிரி சமைத்தேன். எள்ளும் கடலையும் அரைத்து விட்டு, எண்ணெய் பிரிகிற வரைக்கும் விடவில்லை. ஒரு கிண்ணத்தில் ஊற்றி சேகரிடம் கொடுத்தனுப்பினேன். கிண்ணம் துடைத்த மாதிரி காலியாகத் திரும்பி வந்தது, கூடவே ஒரு சேதியும்: "புளி கம்மி."

நானும் என் நாளுக்காகக் காத்திருந்தேன். போன வருஷம் ஆம்பூரில் ஒரு கல்யாணம். கம்பெனியில் என் பக்கத்து மிஷினில் உட்கார்ந்த தோழி ஒருத்தி அங்கே வந்திருந்தாள், பேரணாம்பட்டுக்காரி. எதிர்க்கடைக்காரர் படுத்தும் பாட்டைச் சொன்னேன். அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"அமானுல்லாவா? அவரு எங்க தெருவுல தானேடி பொறந்தாரு! தலைச்சன் புள்ளைய தாய் வீட்டுல தானே பெப்பாங்க. அவங்கம்மா எங்க தெருதான்."

எனக்குக் கல்யாணச் சாப்பாடு அதற்கு மேல் இறங்கவில்லை, சந்தோஷத்தில். ஏனென்றால் நான் பிறந்தது எங்கே தெரியுமா? என் அம்மாவுக்குக் கஷ்டமான பிரசவம். மாட்டு வண்டியில் போட்டு ஆம்பூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நான் ஆம்பூரில் பிறந்தவள். அவர் பேரணாம்பட்டில் பிறந்தவர். கணக்குப் பார்த்தால் போர்டை இறக்க வேண்டியது யார்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் கடையில் உட்கார இடமில்லாத நேரம் பார்த்துப் போனேன். பாதிப் பேர் நம்ம பக்கத்து ஆட்கள், உங்களில் சிலரும் இருந்தீர்கள். கல்லாவுக்கு முன்னால் நின்று சத்தமாகக் கேட்டேன்.

"பாய், நீங்க பொறந்தது பேரணாம்பட்டாமே?"

பாய் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"ஆமா. அதுக்கு இன்னா?"

"நான் பொறந்தது ஆம்பூரு."

"சந்தோஷம். பொறந்த அன்னிக்கு உனக்கு சோறா போட்டாங்க? பால் தானே குடிச்சே? பால் எல்லா ஊர்லயும் ஒண்ணு தான். மொதல் சோறு தின்ன எடம் எதுவோ, அது தான் மனுஷனுக்கு ஊரு. பசிக்கு ஊரு கெடையாது மின்னூரு, நாக்குக்குத் தான் ஊரு. நான் மொதல் சோறு தின்னது ஆம்பூர்ல, எங்க வாப்பா வீட்டுல. நீ எங்க தின்னே?"

பின்னால் இருந்து எவனோ ஒருவன், "மின்னூர்ல!" என்று கத்தினான். கடையே சிரித்தது. அந்த எவன் யார் என்று எனக்குத் தெரியும். இதைப் படித்துக்கொண்டிருப்பான். அவனுக்கும் நாள் வரும்.

தோற்றுவிட்டு வந்தேன். ஆனால் அவர் சொன்ன சட்டத்தை மறக்கவில்லை. சேகருக்கு அப்போதுதான் பெண் பிறந்திருந்தது. யாழினி. குழந்தைக்குச் சோறூட்டும் மாசம் வந்தது. கோயிலில் ஊட்டலாம் என்றாள் தம்பி பெண்டாட்டி. கோயிலில் சாயங்காலம் ஊட்டிக்கோ, முதல் பருக்கையை எனக்குக் கொடு என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் சரி என்றாள்.

மறுபடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறுபடியும் கூட்டம். பாய் அரிசியை வடித்துக்கொண்டிருந்தார். இடுப்பில் குழந்தையோடு போய் நின்றேன்.

"இன்னா மின்னூரு, புள்ளையோட வந்துக்கீறே? உன் கடைல இன்னும் சோறு ஆவலியா?"

"கொழந்தைக்கு மொதல் சோறு பாய். பெரியவங்க கையால ஊட்டினா நல்லதுன்னு கொண்டாந்தேன்."

அந்த முரட்டு மனுஷன் அப்படியே இளகிப்போனார். முழங்கை வரைக்கும் கை கழுவினார். வடித்த சீரகச் சம்பாவில் நாலு பருக்கை எடுத்து, சாசரில் போட்டு விரலால் மசித்து, ஊதி ஊதி ஆற்றி, பிஸ்மில்லா சொல்லிக் குழந்தையின் நாக்கில் வைத்தார். அவள் சப்புக்கொட்டினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சரியான நேரம் என்று கேட்டேன்.

"பாய், இது உங்க சோறு தானே?"

"பின்ன?"

"ஆம்பூர் சோறு தானே?"

"கண்ணு தெரியலியா? போர்ட பாரு."

"மொதல் சோறு தின்னது எதுவோ அது தான் ஊருன்னு சொன்னது யாரு பாய்? இப்ப சொல்லுங்க, இவ எந்த ஊரு?"

அவர் விரல் அந்தரத்தில் நின்றது. குழந்தையைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திருப்பூர் என்று சொன்னால் அவர் சோறு திருப்பூர் சோறு ஆகிவிடும், அவர் போர்டு பொய். ஆம்பூர் என்று சொன்னால் என் வீட்டில் ஒரு ஆம்பூர்க்காரி இருக்கிறாள், என் போர்டு நிஜம். இத்தனை வருஷத்தில் அவர் வாயடைத்து நின்று நான் பார்த்தது அந்த ஒரு நிமிஷம்தான். அதை ஃபோட்டோ எடுக்காமல் விட்டானே சேகர் என்று இன்றைக்கும் அவனைத் திட்டுகிறேன்.

"இரு மின்னூரு. அவசரப்படாதே," என்றார் கடைசியில். "வெள்ளிக்கிழமை தொழுதுட்டு வந்து சொல்றேன்."

நான் காத்திருக்கவில்லை. அன்றைக்கே பெயின்டரைக் கூப்பிட்டு, போர்டில் ஆம்பூர் என்ற எழுத்துக்கு முன்னால் 'யாழினி' என்று சேர்க்கச் சொன்னேன். ஓனர் பெயர் இருக்கட்டும் என்று.

வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே அவர் கடை ஷட்டர் இறங்கிவிட்டது. நெஞ்சு வலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றார்கள். பார்க்கப் போனேன். என்னைத் தூரத்தில் கண்டதும் மனுஷன் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கண் சரியாக மூடவில்லை.

"வெள்ளிக்கெழமை தாண்டிப்போச்சு பாய்," என்றேன்.

குறட்டை விட்டார். பக்கத்தில் நின்ற அவர் வீட்டம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சரி, வீட்டுக்கு வாங்க, அங்கே பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் கடைசி.

பாயின் மய்யித்தை அடக்கம் செய்ய ஆம்பூருக்குக் கொண்டுபோனார்கள். நாங்களும் பின்னால் வேனில் போனோம். ஊர் மண்ணும் அவருக்கே கிடைத்துவிட்டதே என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் ஒன்று. திருப்பூரிலிருந்து போகிறவன், வாணியம்பாடி தாண்டினால் முதலில் மின்னூர், அப்புறம்தான் ஆம்பூர். ஆம்புலன்ஸ் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போது வேன் ஜன்னலைத் திறந்து சொன்னேன்: "பாத்துக்கோங்க பாய். எங்க ஊரத் தாண்டாம உங்க ஊருக்குப் போக முடியாது." அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. சேகர் ஜன்னலைச் சாத்தினான்.

திரும்பி வந்து கடையைத் திறந்தேன். ஊரிலிருந்து தோல் லோடு ஏற்றி வருகிற டிரைவர் ரபீக், பாய் கடையைத் தவிர வேறு கடையில் கை நனைக்காதவன், வந்து உட்கார்ந்தான். அங்கே பூட்டியிருக்கிறது, அதனால் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். தொக்கைத் தொட்டு நாக்கில் வைத்தான். தலையை ஆட்டினான். மூலையில் ஆடுகிற தொட்டிலைப் பார்த்தான்.

"இன்னாக்கா, ஓனரு தூங்குதா?"

"யாருடா ஓனரு?"

"பாய் தான் சொன்னாரு. ஆஸ்பத்திரில போய்ப் பாத்தேன். கடை மூடிக்கீதே, நாங்க எங்க போய் துன்றதுன்னு கேட்டேன். எதிர்க்க போன்னாரு. அது மின்னூரு கடையாச்சே பாய்ன்னேன். 'அரே, புள்ளையோட அத்தை தான் மின்னூரு. ஓனரு ஆம்பூரு'ன்னாரு. வந்தவங்க எல்லார்கிட்டயும் இதையே தான் சொன்னாராம்."

பாருங்கள் அநியாயத்தை. பதில் சொல்லியிருக்கிறார். ஊரில் இருக்கிற எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார், என்னைத் தவிர. என் முகத்துக்கு நேரே தோற்க மாட்டாராம், அதற்குக் குறட்டை. தோற்கும்போதும் என்னை மின்னூரிலேயே நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்.

இப்போது யாரும் என்னை மின்னூரு என்று கூப்பிடுவதில்லை. அவர் வீட்டம்மா கடையைக் காலி செய்தபோது ஏதாவது எடுத்துக்கொள் என்றார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பெயரும், அவர்மேல் எனக்கிருக்கிற ஆத்திரமும். இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்கள் கையைக் கழுவிக்கொண்டே கேட்கிறார்கள், "ஏங்க அம்மிணி, நீங்க ஆம்பூருங்களா?" என்று.

"நான் மின்னூருங்க," என்கிறேன். "எங்க கொழந்தை தான் ஆம்பூரு. எதிர்ல பூட்டிக் கெடக்குது பாருங்க, அந்தக் கடைக்காரரும் அசல் ஆம்பூரு. அவர மாதிரி பிரியாணி போட இனிமே ஆள் கெடையாது."

இலையில் தொக்கை வைத்துவிட்டு மறக்காமல் சேர்த்துச் சொல்கிறேன்: "ஆனா பொறந்தது பேரணாம்பட்டுங்க."