தற்செயலாக வந்தது போல

நான் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துப் பிழைப்பவள். திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகள் என் பொறுப்பு. இலக்கணத்தில் எனக்கே அலுத்துப்போன பாடங்கள் நிறைய உண்டு. ‘ஆஸ் இஃப்’ மட்டும் அலுக்கவில்லை. நடக்காத ஒன்றை நடந்தது போலச் சொல்ல வெள்ளைக்காரன் வைத்திருக்கும் சொல் அது. அதைப் பல நேரம் தனியாகவும் அனுப்பமாட்டான், முன்னால் ஒரு குட்டிச் சொல்லைத் துணைக்கு விடுவான். ‘ஆல்மோஸ்ட் ஆஸ் இஃப்’ என்றால் கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் சத்தியம் செய்யமாட்டேன் என்று அர்த்தம். ‘ஜஸ்ட் ஆஸ் இஃப்’ என்றால் அச்சு அசல் அப்படியே. பொய் எவ்வளவு தூரத்துக்குப் பொய் என்பதை அந்தக் குட்டிச் சொல்தான் முடிவு செய்யும்.

பிள்ளைகள் விழித்தால் தமிழுக்கு இறங்கிவிடுவேன். “‘மகாராணி மாதிரி உக்காந்திருக்கா’ன்னா பாராட்டு. ‘என்னமோ மகாராணி மாதிரி உக்காந்திருக்கா’ன்னா?” என்று கேட்டால் வகுப்பே சிரிக்கும். ‘என்னமோ’ என்ற ஒரு சொல்லுக்குள் ஒரு மாமியாரே குடியிருக்கிறாள் என்பது பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கும் தெரிகிறது.

வகுப்பில் இப்படி விளக்கிக்கொண்டிருந்த அதே வாரம்தான் வீட்டில் நானும் ஒரு ‘ஜஸ்ட் ஆஸ் இஃப்’ வேலைக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

என் மகள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கு முந்தைய வருடம் ஒரு குடும்பம் வீட்டுக்கே வந்து பெண் பார்த்தது. கேசரி சாப்பிட்டார்கள், இன்னொரு வடை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள், மாதா படத்தைப் பார்த்து நல்ல படம் என்றார்கள். ஊருக்குப் போனதும் பெண் உயரம் போதாது என்று சொல்லி அனுப்பினார்கள். வடை தின்னும்போது உயரம் தெரியவில்லையா என்று நான் கத்தினேன். அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. எதற்காக ஓடியது என்று தெரிந்துகொண்டே நான் வெளியே அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவள் வெளியே வந்தபோது முகம் வீங்கியிருந்தது. அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

எங்கள் பக்கம் இதற்கென்றே ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்து பார்ப்பதற்கு முன்னால், கோயிலிலோ கடையிலோ இரண்டு குடும்பமும் தற்செயலாக வந்தது போல வருவார்கள். தற்செயலாகப் பார்த்தது போலப் பார்த்துவிட்டுப் போவார்கள். பிடித்தால் பேச்சு தொடரும். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை என்று ஆகிவிடும். பெண்ணிடம் மூச்சு விடமாட்டார்கள். தெரியாததற்கு யார் அழப்போகிறார்கள்?

வத்தலக்குண்டிலிருந்து ஒரு வரன் வந்தபோது என் நாத்தனார்தான் ஏற்பாடு செய்தாள். “ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு மாதா செலகிட்ட நிப்போம் மதினி” என்றாள். சாமி முன்னால் நாடகம் வேண்டாம் என்றேன். கடைசியில் சின்னாளப்பட்டியில் ஒரு சேலைக்கடை என்று முடிவானது. “போட்டோ எல்லாம் பெறகுதானாம். மாப்ள அம்மா அரக்குக் கலர் சேல கட்டி வருவாங்களாம். நீங்க கண்டுக்காம இருங்க, அம்புட்டுத்தான்.”

சனிக்கிழமை காலையில் மகளிடம், “சுங்குடி ஒண்ணு எடுக்கணும், வாரியா?” என்றேன். வாரேன் என்றாள். கிளம்பும்போது தலையில் மல்லிகைப்பூ வைத்துவிட்டேன். தலையைக் குனிந்து காட்டினாள்.

கடைக்குள் நுழைந்ததுமே அரக்குச் சேலை கண்ணில் பட்டது. பக்கத்தில் லட்சணமாக ஒரு பையன். நான் நேராகப் போய் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“இந்தக் கலர் எம் மகளுக்கு எடுக்குமாக்கா?” என்றேன், என்னமோ ஆயுள் முழுக்க முன்பின் தெரியாதவர்களிடம் கலர் கேட்டே சேலை எடுத்தவள் போல.

“நல்லா எடுக்குமுங்க. உங்களுக்கு எந்த ஊருங்க?” என்றார் அவர்.

என்ன நடிப்பு என்று அசந்துபோனேன். எங்கள் ஊர், தெரு, நாங்கள் ஞானஸ்நானம் வாங்கிய கோயில் வரை எல்லாம் வாட்ஸ்அப்பில் போயிருக்கிறது, ஒன்றும் தெரியாதது போலக் கேட்கிறாரே! அதிலும் அந்தப் பேச்சு. வத்தலக்குண்டுக்காரர் ஒட்டன்சத்திரத்துக் கொங்குப் பேச்சையே பேசிக்காட்டினார். திறமைசாலியான சம்பந்தி என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். அவர்கள் எங்களுக்கு அந்நியர்கள் என்பதற்கு எத்தனை அத்தாட்சி கிடைத்ததோ, அத்தனையையும் நடிப்பின் கணக்கில் வரவு வைத்தேன். மகளை எழுப்பி நிறுத்தி, பச்சைச் சுங்குடியைத் தோளில் போட்டுத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். பையன் நல்லா இருக்கு என்று தலையாட்டினான். எனக்கு உள்ளம் குளிர்ந்தது.

“ஏனுங்க, எம் மருமகளுக்கு வளைகாப்பு, அதுக்குத்தான் சேல எடுக்க வந்தோமுங்க” என்றார் அந்த அம்மா.

இதுகூட நடிப்புதான் என்று நினைத்துச் சிரித்தேன். அப்போது கடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு கர்ப்பிணிப் பெண் மெல்ல நடந்து வந்து, அந்தப் பையனின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கடையைச் சுற்றிப் பார்த்தேன். வாசல் பக்கத்து நாற்காலிகளில் நீலச் சேலை கட்டிய ஒரு அம்மாவும் ஒரு பையனும் கையில் டீயோடு உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்ததும் எழுந்து, டீ டம்ளரை வைத்துவிட்டு, தற்செயலாக வந்தவர்கள் தற்செயலாகப் போவது போலப் போய்விட்டார்கள். கைப்பைக்குள்ளிருந்து போனை எடுத்துப் பார்த்தால் நாத்தனாரின் செய்தி: அரக்கு இல்லை, நீலம்.

என் மகள் தோளில் இருந்த சேலையை மடித்து வைத்தாள். “இதையே எடுத்துக்கலாம்மா, நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

ஞாயிறு சாயங்காலம் நாத்தனார் போன் செய்தாள். “அவுகளுக்கு ஒத்து வரலயாம் மதினி. விடுங்க. நல்லவேள, புள்ளைக்குத்தான் ஒண்ணும் தெரியாதுல்ல.”

ஆமாம் என்று சொல்லி வைத்தேன். பிறகு சமையலறைக்குப் போய், ஒன்றுமே நடக்காதது போல வெஞ்சனத்துக்கு அவரைக்காயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவளும் எதிரில் உட்கார்ந்து நார் உரித்தாள், நான் நறுக்கினேன். ஆஸ்பத்திரியில் ஏசி ரிப்பேர் என்றாள். இந்தக் காலத்து ஏசி அப்படித்தான் என்றேன். இரண்டு பேரும் பிரமாதமாக நடித்தோம். அவரைக்காய் தீர்ந்துவிட்டது.

“வேணாம்னுட்டாங்களா?” என்று கேட்டாள்.

“யாரு?” என்றேன்.

“அம்மா, நீங்க எப்பப்ப எனக்குப் பூ வச்சு விடுவீங்கன்னு எனக்குத் தெரியாதா?”

உன் மனசு நோகக் கூடாதென்றுதான் என்று ஆரம்பித்தேன். அவள் கோபப்படவில்லை. நாரையெல்லாம் கூட்டி ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

“அடுத்த தடவ சொல்லிட்டே கூட்டிட்டுப் போங்கம்மா. வேணாம்னு சொன்னா அழுகுறதுக்காவது எனக்கு ஒரு காரணம் வேணும்ல. நேத்துலருந்து தொண்டைய அடைக்குது. ஒண்ணுமே நடக்கலன்னா என்னன்னு சொல்லி அழ?”

அவளைக் காப்பாற்றத்தான் அத்தனை ‘போல’வும் என்று நம்பியிருந்தேன். காப்பாற்றியது என்னைத்தான், அந்த வீங்கிய முகத்திலிருந்து. என் பெண்ணின் அழுகையைக்கூட நான் பிடுங்கி ஒளித்து வைத்திருந்தேன்.

கத்தியைக் கீழே வைத்தேன்.

“வேணாம்னு சொல்லிட்டாங்கடி” என்றேன்.

அவள் தலையாட்டினாள். உதடு கோணியது. எழுந்து குளியலறைக்குப் போவாள், குழாய்ச் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. அங்கேயே, என் முன்னால், சத்தம் போட்டு அழுதாள்.