பிரித்துவிடச் சொன்னேன்

ஜெர்மனியில் பாரத்துக்கு 'லாஸ்ட்' என்று பெயர். வந்த புதிதில் மேற்பார்வையாளர் என் வரைபடத்தைத் தட்டி "லாஸ்ட்?" என்றார். ஆங்கிலமாக்கும் என்று, இதுதான் கடைசித் தாள் எனத் தலையாட்டினேன். அடியில் இன்னும் நான்கு தாள்கள் இருந்தன. அன்றிலிருந்து அவர் என்னிடம் மிக மெதுவாகப் பேசுகிறார்.

என் வேலை இதுதான்: ரயில் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஒரு நாணய அகலம்தான் இருக்கும். கனமெல்லாம் அங்கேதான் இறங்கும். அதை ரப்பர் பட்டை, இரும்புத் தகடு என்று பரப்பி, கீழேயுள்ள கான்கிரீட் தளத்துக்கு நோகாமல் சேர்க்க வேண்டும். இதற்காக எங்கள் ஊர் பாப்பாரப்பட்டியில் எனக்கு 'ஜெர்மனிக்காரர்' என்று பட்டம் வேறு.

போன மாதம் அண்ணன் வீடியோவில் கூப்பிட்டார். வீட்டையும் தோட்டத்தையும் படுத்த படுக்கையான அப்பாவையும் பார்த்துக்கொள்பவர் அவர்தான். மொட்டைமாடியில் செங்கல் வைத்து, பழைய தண்டவாளத் துண்டு இரண்டைப் போட்டு, அதன்மேல் புதுத் தண்ணீர்த் தொட்டியை ஏற்றியிருந்தார். கீழே, அப்பா கட்டிலுக்கு நேர் மேலே விரிசல். எனக்குப் பதறிவிட்டது. பதறினால் எனக்கு வாத்தியார் குரல் வந்துவிடும்.

"மொத்த பாரமும் ஒரே எடத்துல நிக்குதுங்கண்ணா. இப்படியே வுட்டா வூடு தாங்காது. பிரிச்சுடணும். நான் படம் போட்டே அனுப்பறேன்."

அண்ணன் "சரி" என்று வைத்துவிட்டார். சொன்னதும் புரிந்துகொண்டாரே என்று மெச்சிக்கொண்டேன். அவ்வளவுதான் என் மூளை. தண்டவாளம் சுவருக்குச் சுவர் உட்காரும்படி, வீட்டுப் படத்தின் நடுவே இரட்டைக் கோடு இழுத்து அனுப்பினேன்.

இரண்டு நாள் அண்ணன் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார்.

"வடக்கால பாகம் நான் வெச்சுக்கறேன். தெக்கால ரூம உனக்குன்னு ஒழிச்சுட்டோம். ஆனா கோடு அப்பா கட்டில் மேலயே போவுதுடா. அவர எந்தப் பக்கம் நகத்தறது?"

"ஐயோ, தொட்டியச் சொன்னேங்கண்ணா, தொட்டிய."

"நீ விரிசலப் பாத்த அன்னிக்கே தொட்டிய எறக்கிட்டேன். நீ பாரம்னதும் நான் அப்பாவத்தான்டா நெனைச்சேன்."

வெட்கமாக இருந்தது. ஊரான் ரயிலுக்கெல்லாம் பாரம் பரப்பித் தருகிறவன், அண்ணன் தலையில் எல்லாவற்றையும் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அதை எப்படியோ உளறிச் சொன்னேன். அண்ணன் சிரித்தார்.

"ஒழிச்ச ரூம் ஒழிச்சதாவே இருக்கட்டும். வந்தா படுத்துக்க. அப்பா இருமறது அங்க நல்லாவே கேக்கும்."