முடிச்சு அவிழும் நேரம்

எத்தாளைக்குத் தெற்கே, உப்புநீர்க் களப்புக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த அந்தக் கத்தோலிக்கக் கரையூரில் யாராவது கண்ணை மூடினால் முதலில் கோயில் மணி அடிப்பார்கள், அடுத்தபடியாக அனஸ்தாசியாவுக்கு ஆள் அனுப்புவார்கள். பிணத்தைக் கழுவி, தலை வாரி, உடுப்பு மாற்றி, கால்களின் பெருவிரல் இரண்டையும் துணிக் கீற்றால் சேர்த்துக் கட்டுவது அவள் வேலை. மற்ற நாட்களில் அவளை யாரும் தேடுவதில்லை. அவளும் யார் வீட்டுக்கும் போகமாட்டாள். ஆம்பிளைகள் எதிரே வந்தால் வேலியோரம் ஒதுங்கி நிற்பாள். ஆனால் ஒதுங்கி நின்றபடியே எல்லாவற்றையும் பார்ப்பாள். யார் வேட்டியில் சேறு பட்டிருக்கிறது, யார் தோணி இன்று நேரம் பிந்தியது என்று கேட்டால் அவளுக்குத் தெரியும். யாரும் கேட்டதில்லை.

அவள் கட்டும் முடிச்சை அவளே அவிழ்க்கக்கூடாது என்பது அங்கே முறை. குழியருகே பெட்டியை மூடுமுன் தச்சர் இன்னாசிப்பிள்ளை, ஊர் வாயில் 'பாஸ்', குனிந்து அவிழ்ப்பார். அவிழ்த்த கீற்றைப் பிணத்தின் குதிகாலுக்கு அடியில் வைத்து மூடியை அறைவார். கால் கட்டுடன் மண்ணுக்குள் போனால் உயிர்த்தெழும் நாளில் நடக்க முடியாதாம். முடிச்சு அவிழும் அந்த நேரத்தில் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பார்த்தவர் வீட்டில் அடுத்த சாவு என்ற பயம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் ஆண்டிலிருந்து களப்போரக் கண்டல் காட்டில் பெண்கள் செத்துக் கிடக்கத் தொடங்கினார்கள். கருவாடு விற்றுத் தனியே திரும்பியவர்கள். மூன்று வருடத்தில் மூன்று பேர். எவனோ ஒருவன் மூச்சை அடைத்துக் கொன்றிருந்தான். நகை, காசு எதையும் தொடவில்லை. பெருவிரல்களில் கயிற்றுத் தடம் இருப்பதாக டொக்டர் எழுதினார். காலைக் கட்டிப்போட்டுக் கொல்லுகிறான் என்று பொலிஸ் முடிவுகட்டியது. கயிறு வைத்திருப்பவனைத் தேட வேண்டும் என்றால் அந்தக் கரையில் யாரைத்தான் விடுவது? வெளியூர் வியாபாரிகள், பரதேசிகள், உப்பளத்துக் கூலிகள் என்று பிடித்துப் பிடித்து விட்டார்கள். இன்ஸ்பெக்டர் நிக்கொலஸ் சிலாபப் பக்கத்துக் கத்தோலிக்கர். ஊருக்கு வரும்போதெல்லாம் இன்னாசிப்பிள்ளையின் பட்டறையில்தான் கதிரை போட்டு உட்காருவார். ஊரின் நடுவில் இருந்த நிழல் அதுதான். பாஸ் சீவுளி தள்ளிக்கொண்டே தேத்தண்ணி போட்டுக் கொடுப்பார். விசாரணைக்கு வருபவர்கள் உட்கார ஒரு வாங்கும் செய்து கொடுத்திருந்தார்.

செத்த மூன்று பேரையும் பட்டணத்துக்குக் கொண்டுபோய், அங்கேயே பெட்டியில் வைத்து ஆணி அடித்து அனுப்பியதால் அனஸ்தாசியா ஒருத்தியையும் பார்க்கவில்லை. நான்காவதாகக் கத்தரினா இறந்தபோது மழையில் பாதை உடைந்திருந்தது. டொக்டர் ஊருக்கே வந்து பார்த்து எழுதிவிட்டுப் போனார். கத்தரினா கடைசியாகக் களப்பைக் கடந்தது, ஆள் ஏற்றி இறக்கும் ரஸாக்கின் தோணியில். தோணிக்குள் மெல்லிய கயிறும் கிடந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்? ரஸாக்கின் கையில் விலங்கு போட்டுப் பாடசாலை அறையில் அடைத்தார்கள். அந்திக்குள் கல்பிட்டிக்குக் கொண்டுபோவதாகக் கதை அடிபட்டது. அவன் மனைவி அஸீஸா பாடசாலை வாசலில் மணலில் குந்தியிருந்தாள். தூக்குக்குத்தான் கொண்டுபோகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டது.

அந்தக் காலையில்தான் அனஸ்தாசியா கத்தரினாவைக் கழுவினாள். கால் பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது. பெருவிரல்களில் தடம் இருந்தது, ஆனால் சிவக்கவில்லை, வீங்கவில்லை, மெழுகில் நூல் பதிந்ததுபோலக் கிடந்தது. உயிருள்ள காலைக் கட்டினால் இப்படி வராது. செத்த காலைக் கட்டினால் இப்படித்தான் வரும். எத்தனை பேருக்குக் கட்டியவள் அவள். ஆக, கொன்றவன் கொன்ற பிறகு கட்டியிருக்கிறான். விறைக்கும்வரை பக்கத்தில் இருந்து, பிறகு அவிழ்த்தும் எடுத்திருக்கிறான். இது என்ன மாதிரி ஆள்? பயத்தை விட அவளுக்கு அதை அறியும் ஆவல்தான் முந்தியது. விரல்களை மெல்ல விரித்தாள். இடுக்கில் நகமளவு துணி ஒட்டியிருந்தது. சிவப்புக் கரை. அதில் பச்சை நூலால் இரண்டு தையல்.

அந்தத் தையல் அவளுடையது. நான்கு மாதத்துக்கு முன் காய்ச்சலில் செத்த றோசமேரியின் வீட்டில் வெள்ளைத் துணி இல்லாமல், தன் பழைய சேலையின் தைத்த கரையைக் கிழித்துத்தான் கட்டினாள். அந்தக் கீற்று இப்போது மண்ணுக்குள் இருக்க வேண்டும்.

வெளியே வந்து பட்டறைப் பக்கம் நடந்தாள். அங்கே இன்ஸ்பெக்டர் கதிரையில் இருந்தார். இரண்டு முழம் தள்ளி இன்னாசிப்பிள்ளை கத்தரினாவின் பெட்டிக்குப் பலகை சீவிக்கொண்டிருந்தார். வாழ்நாளில் பொய் சொல்லாதவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, பிணத்தின் மோதிரம் கழலவில்லை, பொலிஸ் வந்து பார்க்க வேண்டும் என்றாள்.

"அனஸ்தாசியாவுக்கு வாய் இருக்கெண்டு இன்டைக்குத்தான் தெரியும்," என்று பாஸ் சிரித்தார். சீவுளி நிற்கவில்லை.

பிணத்தருகே அவள் தடத்தைக் காட்டினாள். துணியைக் காட்டினாள். அது யாரைக் கட்டிய துணி, அதை யார் அவிழ்த்தது என்பதை நாலு வார்த்தையில் சொல்லி முடித்தாள். நிக்கொலஸ் குனிந்து அந்தத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்று வருடமாக அந்தக் கையால்தான் தேத்தண்ணி குடித்திருந்தார். கடைசியில், நகமளவு துணியைக் காட்டினால் எந்தக் கோட்டு நீதவான் நம்புவார் என்று கேட்டார்.

"ஐயா, பின்னேரம் முடிச்சை அவிழ்க்கும்போது எல்லாரும் முகத்தைத் திருப்புவாங்க. ஐயாட ஊர்லயும் அப்பிடித்தானே. இன்டைக்கு மட்டும் திருப்பவேணாம்."

பின்னேரம் குழியருகே ஊர் கூடியது. சாமியார் மந்திரித்த தண்ணீர் தெளித்து முடித்தார். இன்னாசிப்பிள்ளை முழங்காலில் நின்று பெட்டிக்குள் குனிந்தார். சொல்லி வைத்ததுபோல எல்லாத் தலையும் கடல் பக்கம் திரும்பியது. அனஸ்தாசியாவின் கழுத்தும் பழக்கத்தில் பாதி திரும்பிவிட்டது. அதை இழுத்து நிறுத்தினாள். பாஸின் இடது கை குதிகாலைத் தட்டிக் கொடுத்தது, பிள்ளையைத் தூங்கவைப்பதுபோல. வலது கை வெள்ளைக் கீற்றை மடித்து இடுப்புச் சாரத்துக்குள் செருகியது. ஒரு நொடி வேலை. எத்தனை வருடம், எத்தனை பேர் முன்னால்!

தலையை நிமிர்த்தியவர் இரண்டு பேர் தன்னைப் பார்ப்பதைக் கண்டார். இன்ஸ்பெக்டரை விட்டுவிட்டு அனஸ்தாசியாவையே பார்த்தார். ஓடவில்லை.

"ஆணிய அடிச்சிட்டு வாறன் ஐயா," என்றார். "வேற ஆருக்கும் இங்க அடிக்கத் தெரியாது."

அடிக்க விட்டார்கள். ஒரு ஆணியும் வளையவில்லை.

பட்டறையில் உளிப்பெட்டியின் அடித்தட்டில் பத்தொன்பது கீற்றுகள் சுருட்டி அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றும் யாருடையது என்று அனஸ்தாசியா எடுத்து எடுத்துச் சொல்ல, பொலிஸ் எழுதியது. கரை கிழிந்த சிவப்புக் கீற்றை மட்டும் சற்று நேரம் கையில் வைத்திருந்தாள். ஏன் செய்தார் என்று இன்னாசிப்பிள்ளை கோட்டுக் கூண்டிலும் சொல்லவில்லை, தூக்கு மேடையிலும் சொல்லவில்லையாம். காட்டில் ஒருத்தியைக் கொன்ற மனுசனுக்கு அவளைக் கட்டாமல் விட்டுப்போக ஏன் மனம் வரவில்லை? வலை முடையும்போதும் சோறு வடிக்கும்போதும் அனஸ்தாசியா அதையே யோசித்தாள். விடை கிடைக்கவில்லை. யோசிப்பதையும் விடவில்லை.

ரஸாக்கை அன்றே விட்டார்கள். விலங்கு உரசிய மணிக்கட்டோடு மறுவாரமே தோணியை இறக்கினான். அனஸ்தாசியா ஏறியபோது அவளுக்கு முகம் கொடுக்க முடியாமல், தண்ணீரைப் பார்த்தபடி கம்பை ஊன்றித் தோணியைத் தள்ளினான். நடுக்களப்பில்தான் வாய் திறந்தான்.

"தங்கச்சி, ஊருல ஒருத்தருக்கும் தெரியாதது ஒனக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்ச?"

"பாத்தனான், ரஸாக் நானா," என்றாள்.

அதன்பின் அந்த ஊரில் முடிச்சு அவிழும்போது யாரும் முகத்தைத் திருப்புவதில்லை. சின்னப் பிள்ளைகளைக்கூடத் தூக்கிக் காட்டுகிறார்கள்.